நீளம் தாண்டும் குழி

முதலில் சொல்லிவிடுகிறேன், எனக்கு இது பிடிக்கவில்லை.
மண்டலப் போட்டிக்கு ஆறு வாரம் இருக்கையில்
என் நீளம் தாண்டும் குழியில்
மணலை வாரிவிட்டு
முளைக்கீரை விதைத்தார்கள்.

"பாதி மைதானம் உங்களுக்கே இருக்குது சார்"
என்றார் தலைமையாசிரியை.
மீதிப் பாதியில் எட்டுப் பாத்தி, நான்கு குடும்பம்.
சடையங்குப்பத்தில் குத்தகை நிலத்தில் கீரை போட்டவர்கள்.
வெள்ளத்தோடு எண்ணெயும் வந்து படுத்த டிசம்பருக்குப் பின்
அங்கே இறங்கிய மண்வெட்டியெல்லாம்
கறுப்பாகத்தான் ஏறி வந்தது.

ஒப்பந்தம் ஒரே தாள்.
விளைவது சத்துணவுக்கூடத்துக்கு, சந்தை விலையில்.
மிஞ்சியது பள்ளி வாசலில், மாலை நாலு மணிக்கு.
பணம் பிள்ளைகளின் படிப்புக்கு மட்டும்.
கீழே இரண்டு கையெழுத்து, இரண்டு கைரேகை.
கணக்கு நோட்டு என் தலையில்.
விளையாட்டு வாத்தியாருக்கு வேறென்ன வேலை.

தண்ணீருக்கு எங்கே போவீர்கள் என்று கேட்டேன்,
தோற்றுப்போகட்டும் என்ற ஆசையில்.
போர் தண்ணீர் உப்பு.
தேசம்மா குழாயடியைக் காட்டினார்.
முந்நூறு பிள்ளைகள் கை கழுவுகிற,
தட்டு கழுவுகிற மத்தியானம்.
மறுநாள் காலை முனிரத்தினம் வாய்க்கால் வெட்டியிருந்தார்,
என் நூறு மீட்டர் சுண்ணாம்புக் கோட்டுக்கு
ஒரு சாண் தள்ளி.
அந்தக் கோடு எதற்கென்று அவருக்குத் தெரியாது.
யாரோ போட்ட வரப்பு என்ற மரியாதை.

பதினோரு வருஷமாகப் பெற்றோர் கூட்டத்துக்கு
நாற்காலி போடுகிறவன் நான்.
முனிரத்தினம் ஒன்றிலும் உட்கார்ந்ததில்லை.
"கால்ல சேறு சார்" என்று கேட்டுக்கு வெளியிலிருந்தே
ஒருமுறை சொல்லிவிட்டுப் போனார்.
இப்போது தினமும் ஐந்தரைக்கு வருகிறார்.
வாட்ச்மேனை எழுப்புவதே அவர்தான்.
சேற்றோடுதான்.

தேசம்மாவின் பாத்தி
எட்டாம் வகுப்பு பி பிரிவு ஜன்னலுக்குக் கீழே.
கை களை பறிக்கும், காது உள்ளே இருக்கும்.
வட்டத்தின் பரப்பளவில் மகள் லோகேஸ்வரி
"புரிஞ்சிடுச்சு டீச்சர்" என்றபோது
வெளியிலிருந்து ஒரு குரல்:
"அதுக்குப் புரியல டீச்சர்.
புரிஞ்சா தலைய சொறிஞ்சிக்காது."
வகுப்பே சிரித்தது.
மூன்று நாள் அம்மாவிடம் அவள் பேசவில்லை.
நாலாம் நாள் பேச்சு வந்தது.
கணக்கு இன்னும் வரவில்லை.

அவள் அண்ணன் திலீபன், பிளஸ் ஒன்.
ஜூனில் டி.சி. கேட்டு வந்து நின்றான்.
கண்டெய்னர் யார்டில் நாளுக்கு அறுநூறாம்.
நோட்டைப் புரட்டுகிறேன்:
மூன்று மாதத்தில் நூற்றுப்பத்து கட்டு,
கட்டு பன்னிரண்டு ரூபாய்.
இரண்டு மாத டியூஷன், லேப் ரெக்கார்டு,
ஒரு ஜியாமெட்ரி பாக்ஸ்.
தீர்ந்தது.
யார்டில் இது இரண்டு நாள் கூலி, கொஞ்சம் சில்லறை.
நான் முனிரத்தினத்திடம் இதைச் சொல்லவில்லை.
அவர் கூட்டிப் பார்க்காமலா இருப்பார்.
சனிக்கிழமை இரவுகளில்
யார்டுக்கு அவர் போகிறார்.
பையன் போகவில்லை.

மணலிக் காற்று நாற்றத்தோடு திரும்பும் மாலைகளில்
லோகேஸ்வரி வரப்பில் ஓடிவந்து
இரண்டு பாத்தியைத் தாண்டுகிறாள்.
டேப் வைத்தேன், மூன்று மீட்டர் எண்பது.
"கீரயில வுழுந்த, ராத்திரி சோறு கெடயாது"
தேசம்மா நிமிராமலே சொல்கிறார்.
மணலில் எப்போதும் பின்னால் கை ஊன்றி
அரை அடியைத் தொலைப்பவள்.
இரண்டு வருஷம் கத்தியும் திருந்தாதவள்.
கீரைக்குப் பயந்து
முன்னால் விழப் பழகிவிட்டாள்.

மண்டலத்தில் நாலாவது இடம்.
சான்றிதழ் கிடையாது, ஒரு கேக்கும் ஜூஸும்.

மணல் கேட்டு மாநகராட்சிக்கு
இன்னமும் மனு போடுகிறேன்.
படிவத்தில் ஒரு கட்டம்:
'குழி அமைய உள்ள இடம்'.
ஜன்னல் வழியே மைதானத்தைப் பார்த்துக்கொண்டு
பேனாவைத் திறப்பதும்
மூடுவதுமாக இருக்கிறேன்.